அப்பா இருக்காரா?

1944, மாசி, செவ்வாய் இரவு. பாடாங் மேஹா ரப்பர் தோட்டம்.

பார், கேள், எதிலும் கலந்துகொள்ளாதே என்றுதான் கல்கத்தாவில் மானிடவியல் பேராசிரியர் சொல்லித்தந்தார். இன்று தோட்டத் தொழிலாளி ஆறுமுகத்தின் சாவையும் தள்ளி நின்று பார்க்கத்தான் போனேன். அவருடைய ஒரே மகனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டான். மிஞ்சிய ஆண்கள் காட்டில் ஒளிந்திருக்கிறார்கள்; தோட்டத்துக் கணக்கு எழுதுவதால் என்னை மட்டும் அவன் விட்டுவைத்திருக்கிறான். பெண்களே பாடையைத் தூக்கி வந்தார்கள். கொள்ளி வைக்கத்தான் ஆளில்லை.

ஆறுமுகத்தின் மனைவி பொன்னம்மாக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க அப்பா இருக்காரா? அப்பன் இருக்கிறவன் கொள்ளி தொடக்கூடாதுலா."

ஆய்வுக்கு வந்தவன், போரில் கப்பல் நின்றுபோய் இங்கேயே மாட்டிக்கொண்டேன். நாகப்பட்டினத்து வீட்டிலிருந்து கடிதமே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டியில் கொள்ளி அணையப் பார்த்தது.

"இல்லக்கா" என்றேன்.

தலையை மழித்துவிட்டார்கள். குடத்தோடு மூன்று சுற்று வந்து தீ வைத்தேன். திரும்பியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பன் இல்லாத புள்ளையாப்பா நீ" என்று எனக்காக அழுதார்.

தூக்கம் வரவில்லை. மழித்த தலை குளிர்கிறது. நாகப்பட்டினத்தில் யாராவது அப்பாவிடம், மகன் இருக்கானா என்று கேட்டால், அவர் என்ன சொல்வார்?