மாமாவை மடித்து வைத்தது

2009 ஐப்பசி, ஞாயிறு

இன்று பகலெல்லாம் செல்வி என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுடைய அப்பா போன பிறகு எங்களிடம் மிஞ்சியது, கம்பம் ஊரில் நடந்த எங்கள் கல்யாண கேசட்டில் இருக்கும் அவர் குரல்தான். "ஆத்தா, சாப்பிட்டியா?" என்று கூட்டத்துக்கு நடுவே அவளைக் கேட்கிறார். அதை கம்ப்யூட்டரில் வேவ் என்ற பெரிய ஒலி ஃபைலாக ஏற்றி வைத்திருந்தேன். இடம் போதவில்லை என்று இன்று ஃபிளாக் என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் ஃபைலாக மாற்றினேன். "உங்கப்பாவச் சுருக்கிட்டேன்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

போட்டுக் கேட்டாள். "அப்பா தள்ளி நின்னு பேசுறாக" என்றாள்.

ஒலியில் ஒரு துளிகூடக் குறையாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. எனக்கும் கோபம் வந்தது. சாயங்காலம் திரையை மறைத்துக்கொண்டு பழையது, புதியது இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். எது எதுவென்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டேம்ப்பா" என்று முணுமுணுத்தாள்.

"ரெண்டும் அப்பாதான். நீங்க சுருக்கிட்டேன்னு சொன்னீகல்ல, அதான் மனசு கேக்கல."

"சுருக்கல செல்வி. பட்டுச்சேலைய மடிச்சு வைக்கிற மாதிரி. விரிச்சா அதே சேலதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" சிரித்துவிட்டாள். "அப்ப பழைய ஃபைல அழிச்சிருங்க. இடத்த அடைக்குதுல்ல."

அவள் தூங்கிய பிறகு அழிக்க உட்கார்ந்தேன். கடைசியாக ஒருமுறை அந்தப் பழைய வேவைப் போட்டேன்.

மாமா கொஞ்சம் பக்கத்தில் வந்து கேட்டது போலிருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். ஃபைல் அப்படியே இருக்கிறது.