சி ஏழில் ராணி

நாள் 212, 06:00
நிலா, வடமுனைச் சுரங்கம். எழுதுவது அமுதவல்லி, பம்பு மெக்கானிக்.
மேலாளர்கள் எங்கள் இருக்கைகளைத் திருடிக்கொண்டு போனார்கள். நேற்று கிளம்பிய ஆறு இருக்கைக் கலத்தில் நான்கு மேலாளர்கள், இரண்டு கனிமப் பெட்டிகள். மிச்சம் ஓர் ஒற்றை இருக்கைக் கலம், இரண்டு தொழிலாளிகள்.
பம்பு 2 நின்றுவிட்டது. காற்று: 31 மணி நேரம். மீட்புக் கலம் வர நாற்பது நாள்.

07:20
சக தொழிலாளி எபினேசர் துளையிடும் கூடத்தில் இருக்கிறான், நான் பம்பு அறையில். கலம் எங்களுக்கு நடுவில், இருவருக்கும் இருபது நிமிட நடை. சீட்டுக் குலுக்கலாம் என்றேன். வானொலியில் யார் குலுக்குவது, யார் நம்புவது என்று கேட்டான்.
"செஸ் ஆடலாம்க்கா. அதுல ரெண்டு பேருமே பொய் சொல்ல முடியாது."
ஜெயித்தவர் போகலாம். எண்ணூர் கிளப்பில் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை.

11:45
என்னிடம் ராணி. அவனிடம் ராஜா மட்டும், மூலையில்.
"என் ராஜாவுக்குக்கூட கலம் குடுக்கலக்கா" என்று சிரித்தான்.
இன்னும் சில நகர்த்தல்களில் முடிந்திருக்கும். அவசரப்பட்டேன். ராணி சி ஏழு கட்டத்துக்கு என்றேன்.
அவன் தன் பலகையில் காய் வைக்கும் சத்தம் கேட்டது.
"செக் இல்ல. எனக்குப் போக கட்டமும் இல்ல. ஆட்டம் டிராக்கா."
பலகையைப் பார்த்தேன். உண்மை. மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். சொன்னால் சொன்னதுதான் என்றான்.

12:02
டிரா ஆனால் எங்கள் கிளப்பில் அரை மணி நேரம் டீ இடைவேளை. பிறகு நிறம் மாற்றி மறு ஆட்டம். இடைவேளையில் எதிராளியோடு பேசக்கூடாது. அவனும் சரி என்றான். வானொலியை அணைத்தேன். டீத்தூள் இல்லை. வெந்நீர் குடித்தேன்.

12:34
காய்களை அடுக்கிவிட்டேன். கருப்பு எனக்கு. வானொலியைப் போட்டுக் கூப்பிட்டேன்.
திரையில் கலத்தின் விளக்கு சிவப்பு. ஆள் உள்ளே. கதவு பூட்டியாயிற்று.

12:41
கலம் எழும்பியது.
வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மூச்சு மட்டும் கேட்கிறது. இணைப்பைத் துண்டிக்கவில்லை.

12:50
அனுப்பியது:
"எபி, போயிட்ட. சரி. எறங்குனதும் கம்பெனிக்காரங்க ஒரு தாள நீட்டுவாங்க. என் சாவு விபத்துன்னு எழுதியிருக்கும். பணமும் தருவாங்க. கையெழுத்துப் போடாத. போட மாட்டேன்னு சொல்லு."

12:58
மூச்சு கேட்கிறது.
"எபி. போட மாட்டேன்னு சொல்லு."

13:20
"சொல்லுடா."