ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம்

பொன்முடி எஸ்டேட்
14.9.1998

அன்புள்ள கலைச்செல்விக்கு,

சுகம்தானே? நீங்கள் மகரந்தம் தொட்டு உண்டாக்கிய செம்பருத்தியின் கம்பு இங்கே மறுபடி பூத்திருக்கிறது. விடியும்போது மஞ்சு மூட்டத்துக்குள் சந்தன நிறம், உச்சிவேளையில் ரோஸ், பொழுது சாயும்போது கத்தரிப்பூ நிறம். ஆபீஸ் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறேன் என்கிறார் மேனேஜர்.

ஓணத்துக்கு வந்தபோது கேட்டேனே, பதிலே இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா, இல்லையா? உங்கள் அப்பா முறைத்தால் ரெஜிஸ்டர் கல்யாணம் போதும் எனக்கு.

அன்புடன்,
குற்றாலலிங்கம்

*

வலியசாலை, திருவனந்தபுரம்
15.9.1998

லிங்கம் சார்,

அவசரமாகக் கார்டு எழுதுகிறேன். இனியும் யோசிக்க வேண்டாம், ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம். மூன்று மழை பார்த்தாயிற்று, குணம் மாறவில்லை. வெளியே போன பிறகு பண்ணினால் வம்பு. பேர் மட்டும் நீங்கள் வையுங்கள்.

கலைச்செல்வி

*

பொன்முடி
19.9.1998

என் செல்விக்கு,

இதையெல்லாமா கார்டில் எழுதுவது! தபால்காரர் தாசையன் படித்துவிட்டு, "சாரே, கோளடிச்சல்லோ!" என்று என் அதிர்ஷ்டத்தைத் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். சாட்சிக் கையெழுத்தும் அவரே போடுவாராம். கார்டு வந்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்குள் பேரா? பெண்ணாக இருந்தால் என் அம்மா பேர், உலகம்மாள். சரிதானே?

உன்,
லிங்கம்

*

வலியசாலை
24.9.1998

லிங்கம்,

நான் சொன்னது செம்பருத்தியை! கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்ட உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கார்டைத் தபாலில் போட்டுவிட்டேன். புது ரகம் என்றால், கம்பு வைத்து வளர்த்தாலும் குணம் நிற்கிறதா என்று சில பருவம் பார்க்க வேண்டும், வெளியே செடி கொடுப்பதற்கு முன் ரெஜிஸ்டர் பண்ண வேண்டும் என்று பூச்செடிச் சங்கத்தில் சொன்னார்கள். செடிக்குப் பேர் கேட்டால் பிள்ளைக்குப் பேர் வைக்கிறீர்களே, கஷ்டகாலம்!

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னோடு பேசாமலே போய்விடுவாரோ என்று ஓணத்திலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் வாய் திறக்கவில்லை.

தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கார்டில் எழுதியதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். உங்களை நினைத்துச் சொன்னபோதும் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

அப்பாவிடம் நானே சொல்கிறேன். ஒருபாடு கத்துவார், கத்தட்டும். நீங்கள் தாசையனையும் கூட்டிக்கொண்டு மலை இறங்கி வாருங்கள்.

உங்கள்,
செல்வி