பாடத் தெரியாத இரண்டு கொயர் பையன்கள்

நண்பா,

இன்று காலை நம் செந்தூல் பிளாட்டின் லிஃப்டில் பூட்ஸ் பாலிஷ் வாசனை. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த காவலாளியின் சப்பாத்து அது. எனக்கோ நீ சீருடையோடு விடுப்பில் வந்து இறங்கியதுபோல் வயிறு எரிந்தது. நீ இறந்து இரண்டு வருடமாகியும் இந்த எரிச்சல் போகவில்லை.

பள்ளி முடிக்கும் வயதில் நம் இருவருக்கும் ஒரே நோய், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரே பெஞ்சு. தூக்கமும் பசியும் போய்ச் சுருண்டு கிடந்த நம்மை அங்கேதான் தேற்றினார்கள். அங்கே போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் வேறொரு சர்ச்சின் கொயரில் பாடப் போவதாகச் சொல்லிவைத்தோம். உன் யோசனைதான். அந்தக் கிறிஸ்துமஸில் வீடு வீடாகக் கேரல் பாடப் போனபோது நம் பிளாட்டின் ரீத்தா ஆன்டி, "கொயர் பசங்க ரெண்டு பேரும் தனியா பாடுங்க லா" என்று பிடித்துக்கொண்டார். நீ தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாய். நான் தனியாகக் கத்தினேன். வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது.

குணமானபின் ராணுவத்தில் சேர ஒன்றாக ஓடிப் பழகினோம். உன்னைவிட நான்தான் வேகம். மருத்துவப் பரிசோதனையில், முன்பு ஏதாவது சிகிச்சை எடுத்ததுண்டா என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். நீ இல்லை என்றாய். எடுத்துக்கொண்டார்கள்.

"கோவமாடா?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டாய். "சீ, இல்ல லா" என்றேன். அன்றிரவு சாப்பிடவில்லை.

நீ விடுப்பில் வந்தால் என் அம்மாவே உன் தொப்பியைத் தடவிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசி முறை மாமாக் தேநீர்க் கடையில் தே தாரிக்கை ஆறவிட்டு, "மறுபடி தூக்கம் வரலடா" என்றாய். "அங்க டாக்டர்கிட்ட சொன்னா பழசெல்லாம் வெளிய வந்துடும். நீ நெனச்சா கிளினிக் போலாம். உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பொறாமை ஒன்றுதான், அதிலும் பங்குக்கு வந்துவிட்டாய். "பிரைவேட்ல பாக்கலாம், நான் கூட வரேன்" என்றேன். "அடுத்த லீவுல" என்றாய். அந்த விடுப்புக்கு வரும் வழியில், பந்திங் பக்கம், மழையில் உன் மோட்டார் சைக்கிள் மேல் லோரி ஏறிவிட்டது.

உன் சவப்பெட்டியைச் சீருடைக்காரர்கள் தூக்கினார்கள். மேலே கொடி. அப்போதும் பொறாமைப்பட்டேன். சர்ச்சில் ரீத்தா ஆன்டி எழுந்து, "நீயும் அவனும் ஒண்ணா கொயர்ல இருந்தீங்க. அவனுக்காக ஒரு பாட்டு பாடு தம்பி" என்றார். முன்வரிசையில் உன் அதிகாரி. நாங்கள் கொயருக்குப் போகவே இல்லை ஆன்டி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடினேன். கேட்கச் சகிக்காத குரல். சிப்பாய் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். உன் அம்மா அழுகையினூடே சிரித்துவிட்டார். உன்னைப்போல் இருமித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இந்த மாதம் எனக்கும் மறுபடி தூக்கம் கெட்டுவிட்டது. இன்று கிளினிக் நாள். ஒரு பொய் சொல்லத் தெரியாமல் ராணுவத்தைக் கோட்டைவிட்டவன் நான். உன் பொய்யை மட்டும் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்ததும் ரீத்தா ஆன்டி காய்கறிப் பையோடு நின்றார்.

"எங்க தம்பி, காலையிலயே?"

"கொயருக்கு, ஆன்டி."

"இன்னுமா கத்துக்கிற?" என்றார்.