பாப்பா விழுங்கிய விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். மற்றதைப் படிக்கும் முன் இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் விமான வரலாற்றைக் கொண்டாட வெளியிட்டதென்று, நீங்கள் ஓய்வுபெற்ற அன்று கொடுத்தார்களே ஒரு தங்க நாணயம், சட்டைப் பொத்தான் அளவில்? பேத்திக்கென்று அதை அனுப்பியபோதே, டப்பாவைத் திறக்காதே, விரல் பட்டால் மெருகு போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் திறந்தேன். அதில் பொறித்திருப்பது எங்கப்பா பழுதுபார்த்த விமானம் என்று தோழிகளுக்குப் படம் அனுப்பிப் பீற்றிக்கொள்ள ஆசை. மேஜைமேல் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் திரையை விலக்கினேன். திரும்பினால் நாணயத்தைக் காணோம். பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினேன். விழுங்கியே விட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் வெள்ளையாக ஒரு வட்டம். அதைப் பார்த்ததும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா அப்பா? நாணயத்துக்கு ஒண்ணும் ஆயிடாதே டாக்டர், என்று கேட்டேன். "தங்கத்துக்கு என்னம்மா ஆகப்போகுது, பிள்ளையைப் பத்தியும் ஒரு வார்த்தை கேளு" என்றார் நர்ஸம்மா. உங்கள் மாப்பிள்ளை பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

தொண்டையைத் தாண்டிவிட்டது, தானாக வந்துவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். வழக்கம்போல, பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டீர்கள். அனுப்பிய பிறகு நாணயத்தைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் கேட்டதே இல்லை. நல்லா சாப்பிட்டாப்பா என்று சொல்லி வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதேன்.

நேற்று வந்துவிட்டது. கழுவிப் பார்த்தேன், விமானத்தில் ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, உங்கப்பா விமானம் பத்திரமா இறங்கிடுச்சா என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மாப்பிள்ளை இதுவரை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது, பாப்பாவை என் கையில் கொடுக்கும் முன் ஒரு கணம் தயங்குகிறார்.

எத்தனையோ விமானங்களைச் சரிபார்த்து அனுப்பினீர்கள், ஒன்றிலும் ஏறியதில்லை. இந்த ஒரு தடவை ஏறி வாருங்கள் அப்பா. வந்து என்னை வாய் வலிக்கத் திட்டுங்கள். திட்டி முடித்ததும், அவர் பார்க்கும்படி, பாப்பாவை நீங்களே என் மடியில் உட்கார வையுங்கள்.

உங்கள் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
மகள்