கிரீஸுக்கு என்ன சாதி என்று கேட்டவன்

என் உயிர் மச்சான் மணிவேலுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாசி அமாவாசை கழிந்துவிட்டது. இன்று சாயங்காலம் நம் தேயிலைத் தோட்டத்துப் பொட்டலில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றப் போகிறார்கள். மன்மதன் எரிந்த கதையை ஆடுகிறவர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். போன வருஷம் உன் கையில் கட்டினார்களே, அதே மஞ்சள் கயிறு. கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும் நாள்வரை கவிச்சி இல்லை, குடி இல்லை. நீ சிரித்துக்கொண்டே, "இனி பத்மாவுக்கு என் வாயை மோந்து பாக்கிற வேல மிச்சம்" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

உன் மோட்டார் சைக்கிள் இன்னும் என் கராஜில்தான் நிற்கிறது. படங்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அந்தச் சின்ன இடத்தில் அதைச் சுற்றிப் பக்கவாட்டாகத்தான் நடக்க வேண்டும். முழங்கால் இடிக்காத நாளில்லை. இறம்பொடையிலிருந்து ஒருவன் தேடி வந்து, "ஷாப்ட் வண்டி இந்தப் பக்கம் கெடைக்காது அண்ணே, குடுங்க" என்றான். வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்?

உன் பெண்டாட்டி பத்மாவோ, "நீயே வச்சு ஓட்டு அண்ணே. ஒன் கை பட்ட வண்டிதானே" என்கிறாள். என் கை பட்ட வண்டி. விஷயமே அதுதான் மச்சான்.

இந்தக் கடிதத்தை இன்று ஊரும் கேட்கப்போகிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஓய்வு பெற்றுப் போன தோட்டத்துத் தொரையிடம் நீ வாங்கிய வண்டி அது. அதற்குச் சங்கிலி கிடையாது. இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு போகும், அதுதான் ஷாப்ட். அதன் முனையில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள் ஒரு குழாய்க்குள் போய்க் கவ்வும். சக்கரம் சுற்றுவது அந்தக் கவ்வலில்தான்.

முதல் தடவை கழற்றியபோது நீ அந்த வண்டியின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "மச்சான், பல்லுக்கு ஒரு கறுப்பு பேஸ்ட் போடணுமாம்டா. மொலிப்டினம்னு என்னமோ பேரு. கொழும்புல சொல்லி எடுப்போம், அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "கிரீஸுக்கு என்னடா சாதி? பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலரே இந்த கிரீஸ்லதான் ராப்பகலா சுத்துது. ஒன் வண்டி என்ன, கவர்னர் வண்டியா?"

தோட்டத்தில் பிறந்தவனுக்கு பெக்டரி கிரீஸ்தான் கிரீஸ். கதவுக் கீலுக்கும் அதுதான், சைக்கிளுக்கும் அதுதான், கூத்தில் மீசை வரைவதற்கும் அதுதான். தகர டின்னில் விரலை விட்டு அள்ளி நான் அப்பினேன். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டாய். ஏன்டா மூடினாய்? இரண்டு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா?

இப்போது எனக்குத் தெரியும். ரோலரின் பேரிங்கில் உருண்டைகள் உருளும். உருளுகிற இடத்துக்கு அந்த கிரீஸ் தங்கம். ஆனால் இந்தப் பற்கள் உருள்வதில்லை. ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நூலளவு முன்னும் பின்னும் உரசும். அந்த அழுத்தத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும். மிச்சத்தைச் சுழற்சி வீசி எறியும், நம் மழையும் பனியும் கழுவும். பிறகு இரும்பு இரும்பைத் தின்னும். அந்தக் கறுப்பு பேஸ்டில் இருக்கிற தூள், எண்ணெய் போன பிறகும் இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்குமாம். இவ்வளவுதான் வித்தியாசம். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்.

நீ போவதற்கு ஒரு வாரம் முன்னால், கியர் மாற்றும்போது 'டக்'கென்று சத்தம் வருகிறது என்று வந்தாய். கையில் காப்பு இருந்தது. திறந்து பார்த்தேன். பற்கள் மெலிந்து கூராகியிருந்தன. "பேஸ்டுக்குச் சொல்லிட்டேன், வரட்டும். ஷாப்டயும் மாத்திருவமா?" என்று கேட்டாய். மறுநாள் அட்டனுக்கு லீக்ஸ் மூட்டை ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாய். நான் ஒரு கை கிரீஸை அள்ளித் திணித்தேன். சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு. "இது நிக்குமாடா?" என்றாய். "நிக்கும், போ" என்றேன்.

ஒரு வாரம் கழித்து, நீ மூட்டையோடு விழுந்த அன்று, பங்களா ஏற்றத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மாரியாயி அக்காதான் பார்த்தது. "இஞ்சின் அலறுது, வண்டி பின்னாலயே வருதுய்யா. பாரம் இழுத்து அப்படியே கான்ல சாஞ்சுருச்சு" என்று அழுதுகொண்டே சொன்னது. கேட்டவர்கள், கியர் போடாமல் முறுக்கியிருக்கிறான் என்றார்கள். அந்த வடிகானில் யாரோ எறிந்த பழைய போத்தல் ஒன்று கிடந்தது. போதாதா? "காப்புக் கையோட குடிச்சிருக்கான், காமன் சும்மா விடுவாரா" என்று பேசினார்கள். விசாரணையில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். லயத்து வீடுகளில் பேச்சு முடியவில்லை.

அலறுகிற இஞ்சினும் பின்னால் வருகிற வண்டியும். அதைக் கேட்டதுமே, கவ்வல் விட்டுப்போனது எனக்கு விளங்கிவிட்டது. உன் எட்டாம் நாள் சடங்கு கழிந்து வண்டியைத் திறந்தேன். ஷாப்டின் முனையில் பல்லே இல்லை மச்சான். மழமழவென்று இருந்தது. சுற்றிலும் செங்கல் பொடிபோலச் சிவப்புத் தூசி. மூடிவிட்டேன். அதே வாரம் நீ சொல்லி வைத்த பேஸ்ட் கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதை நான் இன்னும் உடைக்கவில்லை.

ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. பத்மா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைப்பாள். "காப்போட குடிச்ச மனுசனுக்கு தெவசம் ஒரு கேடா அண்ணே? எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போயில்ல குடிச்சாரு" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். உன் படத்தை உடுப்புப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் அந்த ரொட்டியைத் தின்றேன். தின்னாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள். ஒருநாள், கொழும்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி ரயில் ஏறினேன். அட்டனுக்கு அடுத்த ஸ்டேஷன் றொசல்ல. அங்கேயே இறங்கி, நடந்தே திரும்பி வந்தேன். போய் எங்கே இருப்பது? இந்தக் கையையும் கொண்டுதானே போக வேண்டும்?

இன்று காலையில் ஷாப்டைக் கழற்றி, தூசியைத் துடைக்காமல், ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பத்மாவிடம் போனேன். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸ், புத்தகம், "நிக்கும், போ" என்றது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப, அவரு குடிக்கலயா?"

"இல்லம்மா. ஒரு சொட்டுக்கூட இல்ல."

பெட்டியைத் திறந்து உன் படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒரு வருசமா இவர ஏசிக்கிட்டு கெடந்தேனே. நீ கேட்டுக்கிட்டு இருந்தியே அண்ணே" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "போயிரு" என்றாள். அவள் இன்று மலைக்குப் போகவில்லை. எனக்குச் சாப்பாடும் வரவில்லை. நீ அவள் வீட்டுச் சுவரில் மறுபடியும் மாட்டப்பட்டிருக்கிறாய், ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை மச்சான். கேட்டால் நீ, "விடுடா" என்பாய். எனக்கு அது வேண்டாம். இன்று காப்புக் கட்ட ஊர் கூடும்போது, பொட்டலின் நடுவில் ஷாப்டை வைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். எவன் எழுந்து போனாலும் நிறுத்தமாட்டேன். "மணிவேல் காப்போடு போனான், குடிக்காமல் போனான்" என்று குடித்தான் என்று பேசியவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொல்வேன். நான் வாயை மூடியதால் கெட்ட பெயர் அது. நான்தான் கழுவித் தர வேண்டும்.

உன் சாவுக்குக் காரணமானவன்,
உன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்,
உன் மச்சான் தியாகு.