நின்றபடியே சாப்பிடும் அத்தைக்கு

அத்தை,

பால் காய்ச்சிவிட்டேன். ரொட்டியை மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். சாவி வழக்கமான ஆணியில் இருக்கிறது.

திருச்சபையார் தள்ளிவைத்த உங்கள் மகளோடு, என் மனைவியோடு, ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று, இதே வீட்டில் இருந்துகொண்டு அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டீர்கள். அவளைப் புதைத்தாயிற்று. மேசை காலி. இன்னும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறீர்கள்.

மாலையில் சபை மூப்பர் வருவாராம். அடுக்களையில் கிடப்பது அவளுடைய நாற்காலி என்று சொல்லுங்கள். உட்காராமலே கிளம்பிவிடுவார்.

பி.கு.: நாற்காலியை அங்கே போட்டது நான்தான். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அம்மாவுக்குக் கால் வீங்குதுங்க. அடுக்களையில ஒரு நாற்காலி போட்டு வைங்க."